நல்லா இருக்காங்க

என் அப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அழுதுகொண்டே கவுண்டருக்கு வருகிறவர்கள், "அப்பா செத்துட்டார்னு போடுங்க சார்" என்பார்கள். அப்பா அப்படிப் போடவே மாட்டார். 'அப்பாவுக்கு உடல்நிலை மோசம், உடனே புறப்படவும்' என்று தானே மாற்றி எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புவார். பெங்களூரிலிருந்தோ பம்பாயிலிருந்தோ கிளம்பி வருகிற பிள்ளை பத்திரமாக வந்து சேர வேண்டாமா என்பது அவருடைய நியாயம். தந்தியை வாங்கிப் படிக்கிறவர்களும் ஏமாந்துபோக மாட்டார்கள். உடல்நிலை மோசம் என்று வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். வர முடிந்தவர்கள் பஸ் ஏறுவார்கள். முடியாதவர்கள் இருக்கிற இடத்திலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து அழுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வீட்டுக்கு டெலிபோன் வந்ததும் இன்னும் ஜாஸ்தியானது. என் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலூரிலிருந்து பேசிய சித்தியிடம், "நல்லா இருக்கா, இப்பதான் ரெண்டு இட்லி சாப்ட்டா" என்றார். அந்த இட்லியை அம்மா கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. அதிலும் நோயாளியின் காதுபடச் சொல்லவே கூடாது. வாயில் வந்தால் நடந்துவிடும் என்று ஒரு பயம். அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் தெரு முழுக்கவே அப்படித்தான் பேசியது. நானும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, மாடி அம்மாவின் விஷயத்தில் அது என்ன செய்தது என்று பார்க்கும்வரை.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் இருந்தது. ஆசிரமத்துக்கு நடந்து போகிற தூரம். மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு குளியலறை, காய வைத்த துணிகளுக்கு நடுவே தெரிகிற மலை. அந்த அறைக்கு எண்பத்தொன்பதில் ஒரு ஹாலந்துக்காரப் பெண்மணி வந்தார். அறுபதை நெருங்குகிற வயது. துறைமுகத்தில் ஏதோ ஒரு ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மூன்று மாசம் என்று சொல்லி வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். வருஷா வருஷம் விசாவுக்கு அலைவார், போலீஸ் ஆபீஸில் போய்ப் பதிவு செய்துகொள்வார், திட்டிக்கொண்டே திரும்பி வருவார். அப்பா அவரை அம்மா என்பார். அவர் அப்பாவை ஐயா என்பார். தெருவுக்கும் எனக்கும் அவர் மாடி அம்மா.

அவரிடம் பேச்சில் ஒளிவு மறைவே கிடையாது. என் அம்மா உயிரோடு இருந்தபோது ஒருநாள் ஆசையாகச் செய்து கொடுத்த பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எனக்குப் பிடிக்கலை" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா ஆடிப்போய்விட்டாள். வெளியே கிளம்பும்போது "போறேன்" என்பார். "போயிட்டு வரேன்னு சொல்லணும்மா, போறேன்னு சொல்லக் கூடாது" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "பஸ்ஸில் அடிபட்டால் வரமாட்டேனே, ஐயா, அப்போது நான் சொன்னது பொய்தானே?" என்று அவர் இங்கிலீஷில் கேட்பார். அப்பா காதைப் பொத்திக்கொள்வார். இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. இரண்டு பேருக்குமே அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் தன் ஊரில் ஒரு மருத்துவ இன்சூரன்ஸுக்கு மாசாமாசம் பணம் கட்டிவந்தார். பென்ஷனிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் செத்த பிறகு வருவது. வியாதிக்கு எதற்காக முன்கூட்டியே பணம் கட்டி அதை வரவழைக்கிறார் என்று அப்பாவுக்குக் கவலை. "நல்லாத்தானே இருக்காங்க, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீபத்துக்குப் பிறகு மாடி அம்மாவால் படி ஏற முடியவில்லை. பாதி வழியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலிரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார். உள்ளூர் டாக்டர் சென்னைக்குப் போகச் சொன்னார். நானும் அப்பாவும் கூடப் போனோம். நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, லீவு கிடைப்பது கஷ்டம், ஆனாலும் போனேன். நோயாளியோடு ஆள் இல்லாமல் நம் ஆஸ்பத்திரிகளில் எதுவும் நடக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அங்கே அவருக்குக் கோபம் வந்தது இதனால்தான். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு பெரிய டாக்டர் மாடி அம்மாவின் தோளைத் தட்டி, ஒன்றும் பயமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். பிறகு அப்பாவை மட்டும் கண்ணால் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போனார். அப்பா திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று மாடி அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சரியாயிடும்னு சொன்னாரு."

"அது என்னுடைய இதயம், ஐயா. உங்களுடையது இல்லை."

 நான் அப்பாவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைக் கேட்டு வாங்கினேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. இந்த வயதில் ஆபரேஷனும் ஆபத்துதான். உள்ளே போய் மாடி அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கையைப் பிடித்து, "நன்றி" என்றார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

சென்னையிலேயே ஆபரேஷன் செய்துகொண்டு திருவண்ணாமலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவர் அன்றே முடிவு செய்தார். அப்பாவும் தன்னுடைய முன்னறையை அவருக்குக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போவதாகச் சொன்னார். ஹாலந்தில் அவருக்கு வீடு இல்லை, அதைக் காலி செய்து வெகுகாலம் ஆகிறது. ஒரே ஒரு தம்பி, அவரும் வேறு ஊரில். "அங்கே போனால் நான் திரும்பி வரமாட்டேன். என்னை ஒரு முதியோர் இல்லத்தில் வைப்பார்கள். இங்கே நான் காலையில் பால் வாங்க இறங்கி வரவில்லை என்றால் யாராவது படி ஏறி வந்து பார்க்கிறீர்கள்" என்று என்னிடம் சொன்னார். கடவுள், மலை, மோட்சம் என்று அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாராவது படி ஏறி வருவார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு விதி இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு, சொந்த நாட்டுக்கு வரும்வரை தாங்காத வியாதி என்றால்தான் இருக்கிற இடத்திலேயே வைத்தியச் செலவு கொடுப்பார்கள். பிரயாணம் செய்கிற அளவுக்கு உடம்பு இருந்தால், விமானச் செலவை அவர்களே ஏற்று ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஆபரேஷன் செய்வார்கள். அதாவது அவர் இங்கே இருக்க வேண்டுமென்றால், விமானத்தில் உட்கார முடியாத அளவுக்கு மோசமாக இருக்க வேண்டும். இதை நான் அப்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கினேன். "இது என்ன ஊர்ல இல்லாத நியாயம்? மோசமா இருந்தா இரு, நல்லா இருந்தா போ" என்று சொன்னாலும், புரிந்துகொண்டார்.

நாங்கள் ஊருக்குத் திரும்பினோம், அவர் கீழே முன்னறையில் தங்கினார். சென்னை ஆஸ்பத்திரி அனுப்பிய அறிக்கை கம்பெனிக்குப் போதவில்லை. ஆபரேஷன் சீக்கிரம் தேவை என்று அதில் இருந்ததே தவிர, பிரயாணத்தைப் பற்றி உறுதியாக ஒன்றும் இல்லை. அன்றாடம் அவரைப் பார்க்கிற ஒருவரிடம், சொந்தம் இல்லாத ஒருவரிடம், தாங்களே பேசிக் கேட்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் இருக்கிறார், அரசாங்க வேலையில் இருந்தவர், இங்கிலீஷ் தெரியும் என்று மாடி அம்மா எழுதிப் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளி முடிந்து நான் வந்திருந்தேன். ஹாலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எடுத்தார். டெலிபோன் ஸ்டூலுக்குக் கை எட்டுகிற தூரத்தில், வீங்கிய கால்களை ஒரு பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மாடி அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சொன்ன பதில்களிலிருந்து ஒவ்வொரு கேள்வியும் தெரிந்தது.

"எஸ் மேடம். வாக்கிங், எஸ். ஸ்லோ வாக்கிங்."

நான் தலையைத் தூக்கினேன்.

"ஸ்டெப்ஸ்? எஸ், எஸ். ஃபுட் நல்லா... ஃபுட் வெரி குட் மேடம். ஸ்லீப்பிங் நோ பிராப்ளம்."

எழுந்து அவர் எதிரில் போய் நின்று, இல்லை என்று கையை ஆட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாடி அம்மாவைப் பார்த்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஷி இஸ் ஆல்ரைட் மேடம். ஃபைன் கண்டிஷன்" என்றார்.

மாடி அம்மா கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். தன் பாஷையில் நிதானமாகப் பேசினார். மூச்சு வாங்கியதால் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்.

"அவர்கள் உங்களை நம்பிவிட்டார்கள், ஐயா. நான் இங்கேயே இருப்பதற்காக மிகைப்படுத்துகிறேனாம்."

அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்களே அம்மா. எப்படி என் வாயால சொல்றது?" என்றார். மாடி அம்மா அப்பாவின் தலையில் கையை வைத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. அவரை முன்னறையில் விட்டுவிட்டு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களை யாருப்பா நல்ல வார்த்தை கேட்டாங்க? இருக்கறதை இருக்கற மாதிரி சொல்றதுக்குத்தானே கூப்ட்டாங்க?"

"தெரியும்மா."

"அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு அவ்ளோ சொன்னேனே, புரியலையா?"

"புரிஞ்சுதும்மா. வாய் வரல."

இதற்குமேல் என்ன திட்டுவது? அவர் புரியாமல் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் அப்பாவே கடைத்தெருவில் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போய் அந்தக் கம்பெனிக்குப் பேசியிருக்கிறார். வீட்டில் மாடி அம்மாவின் காதில் விழுந்துவிடக் கூடாது என்று பூத். நடக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை, கால் வீங்கியிருக்கிறது, விமானத்தில் ஏற்றினால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்து டெலிபோனில் அவர் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்று அந்தப் பெண் கேட்டாளாம். இப்படிச் சொல்லும்படி யாராவது உங்களிடம் கேட்டுக்கொண்டார்களா என்றும் கேட்டாளாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று இதை என்னிடம் சொன்னார். "பொய் சொன்னப்ப நம்பினாங்க, நெஜத்தைச் சொன்னா பொய்ங்கறாங்க" என்றார்.

கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கூடவே வர ஒரு நர்ஸை அனுப்புவதாகச் சொன்னார்கள், விமானத்தில் ஆக்ஸிஜனுக்கு ஏற்பாடு செய்தார்கள். எங்கள் உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் அனுப்பிப் பார்த்தோம். நர்ஸும் ஆக்ஸிஜனும் இருந்தால் போதும் என்று பதில் வந்தது. போகமாட்டேன் என்று மாடி அம்மா மறுத்திருக்கலாம், யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியாது. மறுத்தால் ஆபரேஷன் செலவு அவர் தலையில். அவரிடம் அவ்வளவு இல்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்தோம். அதை விற்றுவிடலாம் என்று அப்பா அவரிடம் போய்ச் சொன்னார். என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மாடி அம்மா முடியவே முடியாது என்றார். "வேலைக்குப் போன நாளிலிருந்து நான் அவர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அவர்கள் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்ய வேண்டும்? நிலத்தை விற்றால் நான் நாளைக்கே கிளம்பிவிடுவேன்."  மேற்கொண்டு பேசத் தனக்கு அருகதை இல்லை என்று அப்பாவே நினைத்துவிட்டார். அது எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரத்தில் என் கோபம் எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கிளம்பிய அன்று காலையில் சென்னையிலிருந்து காரும் நர்ஸும் வந்துவிட்டார்கள். தெருமுனை ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து, மாடியில் இருக்கிற தன் சாமான்களைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால், அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு சின்னப் பெட்டியைத் தவிர அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். நல்லா இருக்கீங்க, சீக்கிரம் வந்துடுவீங்க, தீபத்துக்கு இங்கதான் இருப்பீங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் எல்லாருக்கும் தலையை ஆட்டினார்.

காருக்குள் உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக அப்பாவின் கையைப் பிடித்தார்.

"போறேன், ஐயா."

அப்பா திருத்தவில்லை. "சரிம்மா" என்றார்.

கார் போன பிறகு தெரு கலைந்தது. நான் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது அப்பா மாடி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே ஒரு ஜெர்மன்காரர் அறை கேட்டு வந்தார். ஆள் இருக்கிறார்கள் என்று அப்பா அனுப்பிவிட்டார்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாடி அம்மாவே ஒரு தடவை பேசினார். ஆஸ்பத்திரியில் ஜன்னல் இருக்கிறது, மழை பெய்கிறது, சாப்பாடு நன்றாக இல்லை என்றார். அப்பா எடுத்துப் பேசமாட்டேன் என்றுவிட்டார். டெலிபோன் அடித்தால் அவர் கிட்டவே போவதில்லை. பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிடுவார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. லீவு நாள், நான் வீட்டில் இருந்தேன். அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். பேசியது மாடி அம்மாவின் தம்பி. தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு, அடுத்த வார்த்தையிலேயே, "என் அக்கா இறந்துவிட்டார்" என்றார். ஆபரேஷன் நடந்தது, அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை, வலி இருந்திருக்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அடக்கம் எப்போது என்றும் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. "உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அக்கா அவரைப் பற்றித்தான் அதிகமாகப் பேசினார்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. மாடி அம்மாவுக்கு எது பிடிக்குமோ அப்படி. இறந்துவிட்டார்கள் அப்பா என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பெனிப் போனுக்குப் பிறகு இந்த வீட்டில் இனிமேல் யாரும் யாருக்கும் பூசி மெழுகிப் பேசக் கூடாது என்று நான் எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

அப்பா வந்தார். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. அவங்க தம்பி."

"என்ன சொன்னாரு?"

வாயைத் திறந்தேன். அப்பா பையைக்கூட இறக்கி வைக்காமல், வெயிலில் வந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒடம்பு கொஞ்சம் மோசமா இருக்காம்பா" என்றேன்.

அப்பா பையைச் சுவரோரமாக வைத்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வாளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொம்பு சொம்பாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம், வெகுநேரம். அன்று காலையிலேயே அவர் குளித்திருந்தார்.